மாங்கனிக் கணக்குத் தந்த மகாவீராசாரியர்

எண்ணையும் எழுத்தையும் மக்களின் இரு கண்களாகப் போற்றுவது தமிழ் மரபு. இவற்றுள் எழுத்தாகிய கண்ணுக்குச் சமணச் சான்றோர் ஆற்றிய தொண்டினை நாம் அடிக்கடி பேசி மகிழ்கிறோம். சீவகசிந்தாமணியும் நன்னூலும் யாப்பருங்கலக்காரிகையும் நம் முன்னோர் தந்தவை என்பதை நம் இல்லத்துப் பிள்ளைகளும் ஓரளவு அறிவர். ஆயின், எண்ணாகிய மற்றொரு கண்ணுக்கு ஒளி தந்த சமணப் பெரியார் ஒருவரை நம்மில் பலர் மறந்தே போனோம். அவர்தாம் கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்து, கணித சார சங்கிரகம் என்னும் வடமொழி நூலை இயற்றியருளிய மகாவீராசாரியர்.

அன்னாரின் வரலாற்றை இவ்விதழில் எழுத வேண்டும் என்ற எண்ணம் எமக்குத் தோன்றியது நூலகத்தில் அன்று. காரைக்காலில், ஒரு வீட்டுக் கூடத்தில், மாம்பழக் கூடையின் அருகே தோன்றியது. அதனை முதற்கண் கூறிவிட்டுப் பின்னர் ஆசாரியர் வரலாற்றுக்குள் புகுவோம்.

காரைக்காலில் ஒரு மாலை

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆனி மாதத்தில், பணியின் பொருட்டுக் காரைக்காலில் குடியிருக்கும் உறவினர் இல்லத்துக்கு யாம் சென்றிருந்தோம். ஆனிப் பௌர்ணமியை ஒட்டி அவ்வூரில் சைவப் பெருமக்கள் மாங்கனித் திருவிழா கொண்டாடுவர். ஊர்வலம் வருங்கால் வீட்டு மாடிகளிலிருந்து மாங்கனிகளை வாரி இறைப்பது அங்கே வழக்கம். ஆதலின் அந்நாட்களில் கடைத்தெருவெங்கும் மாம்பழ மணமே நிறைந்திருக்கும்.

அவ்வீட்டில் ஏழாம் வகுப்பில் படிக்கும் சிறுமி ஒருத்தி இருந்தாள். தமிழிலும் ஓவியத்திலும் கெட்டிக்காரி. கணக்குத் தேர்வு விடைத்தாளை மட்டும் துணி அலமாரியில் மறைத்து வைத்திருந்தாள். ஐந்தாம் வகுப்புவரை தடையின்றி நடந்த கணக்கு, பின்னம் வந்ததும் நொண்டத் தொடங்கியது. எண்ணுக்குப் பதிலாக எழுத்து வந்ததும் விழுந்தே போயிற்று. தனக்குக் கணக்கு வராது என்று அவள் எம்மிடம் கூறியபோது அக்குரலில் வருத்தம்கூட இல்லை. முடிந்துபோன செய்தியைச் சொல்வதுபோல் இருந்தது. அவள் தந்தையாரோ, பதினோராம் வகுப்பில் கணிதம் இல்லாத பிரிவில் சேர்த்துவிடுவது என்று நான்கு ஆண்டுகளுக்கு முன்பே முடிவு செய்துவிட்டார். ஒரு பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு எத்தனை கதவுகள் அடைபடுகின்றன என்பதை எண்ணி எம் நெஞ்சம் துணுக்குற்றது.

முதல் நாள் யாமும் தவறினோம். பின்னத்தைப் பின்னத்தால் வகுக்கும் விதியைப் பத்து முறை சொல்லச் சொன்னோம். சொன்னாள், மறுநாள் மறந்தாள். அப்போதுதான் மகாவீராசாரியர் நூலில் உள்ள ஒரு மாங்கனிக் கணக்கு எம் நினைவுக்கு வந்தது. அக்கணக்கு என்ன என்பதையும் அது என்ன செய்தது என்பதையும் உரிய இடத்தில் கூறுவோம்.

நிருபதுங்கன் காலம்

பகவான் வர்த்தமான மகாவீரரின் திருப்பெயரையே தாங்கியிருப்பினும், கணிதரான மகாவீராசாரியர் பகவானுக்கு ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் பிற்பட்டவர். தம் ஊரையோ பெற்றோரையோ பற்றித் தம் நூலில் ஒரு சொல்லும் அவர் எழுதவில்லை. துறவு நெறியில் நின்ற பெரியோர் பலர் அவ்வாறே தம்மை மறைத்துக்கொண்டனர். எனினும், தம் காலத்து அரசனை நூலின் முகப்பில் அவர் வாழ்த்தியிருப்பதால், அவர் காலத்தை நாம் தெளிவாக அறிகிறோம். அவ்வரசன் இராட்டிரகூட மரபின் அமோகவர்ஷ நிருபதுங்கன். கி.பி. 814 அளவில் இளஞ்சிறுவனாக அரியணையேறி, 60 ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்டவன். அவன் தலைநகராகிய மானியகேடம் இன்று கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டத்தில் மால்கேட் என்ற சிற்றூராக உள்ளது.

அமோகவர்ஷன் காலம் சமண இலக்கியத்துக்குப் பொற்காலம். ஆதிபுராணம் பாடத் தொடங்கிய ஜினசேனாசாரியரை அவன் குருவாகப் போற்றினான். ஜினசேனரின் ஆசிரியரான வீரசேனாசாரியர் தவளா என்னும் பேருரையை வரைந்தவர். அவ்வுரையில் மிகப் பெரும் எண்களைக் கையாளும் வழிகள் விரிவாக உள்ளன. கன்னடத்தில் நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூலாகிய கவிராஜமார்க்கம் எழுந்ததும் அவ்வரசவைச் சூழலிலேதான். இத்தகைய அறிவுச் சூழலில்தான் மகாவீராசாரியர் தம் நூலை யாத்தார்.

இவ்வரசனுக்கும் காரைக்கால் மண்ணுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் சங்கா என்னும் இராட்டிரகூட இளவரசியை மணந்தான். அவ்வம்மையார் அமோகவர்ஷனின் மகளார் என்பது வரலாற்றாசிரியர் கருத்து. அவர்களுக்குப் பிறந்த மகன் நிருபதுங்கவர்மன் பாட்டனாரின் விருதுப் பெயரையே தன் பெயராகப் பெற்றான். அவன் அரிசிலாற்றங்கரையில் பாண்டியரை வென்றதைப் பாகூர்ச் செப்பேடு கூறுகிறது. அந்த அரிசிலாறே இன்று அரசலாறு என வழங்கிக் காரைக்காலில் கடலோடு கலக்கிறது. அதே செப்பேடு, புதுச்சேரிப் பகுதியில் உள்ள பாகூரின் கல்விச்சாலைக்கு மூன்று ஊர்கள் கொடையாக விடப்பட்டதையும் பதிவு செய்துள்ளது. மகாவீராசாரியர் வாழ்த்திய மன்னனின் பேரன் காலத்தில், இந்தக் கடற்கரை நாட்டில் கல்விக்கு எத்தகைய மதிப்பு இருந்தது என்பதற்கு இது சான்று.

கணிதத்துக்கென ஒரு தனிநூல்

மகாவீராசாரியருக்கு முன்னரே நம் நாட்டில் பெருங்கணிதர் வாழ்ந்தனர். கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் தம் நூலை எழுதினார். ஆயின் அதில் கணிதம் வானநூலின் சில இயல்களாகவே இடம்பெற்றது. மகாவீராசாரியரோ கோள்களின் நிலையைக் கணிப்பதைத் தம் நோக்கமாகக் கொள்ளாமல், கணிதத்துக்கே உரிய தனிநூல் செய்தார். 1,100-க்கும் மேற்பட்ட சுலோகங்கள், ஒன்பது இயல்கள். முதலில் அளவைகளும் பெயர்களும், அடுத்துப் பெருக்கல், வகுத்தல், வர்க்கம், வர்க்கமூலம் முதலியன, மூன்றாவது பின்னங்கள், நான்காவது பின்னங்களைக் கொண்ட பலவகைக் கணக்குகள், பிறகு மூவெண் விதி, கலப்புக் கணக்கு, நிலப்பரப்பு, குழி அளவு, நிழற் கணக்கு என அது செல்கிறது. ஒரு மாணவனைக் கைப்பிடித்துப் படிப்படியாக ஏற்றிச் செல்லும் வரிசை இது. இன்று நடுநிலைப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை கற்பிக்கும் பாடத்தின் பெரும்பகுதி இவ்வரிசையிலேயே அடங்கியுள்ளதைக் காணலாம்.

இவ்வரிசை திடீரெனத் தோன்றியதன்று. நம் ஆகமங்களுள் ஒன்றாகிய ஸ்தானாங்க சூத்திரம் கணிதத்தின் பத்துப் பொருள்களைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் பின்னமும் உண்டு. தெரியாத அளவைக் கொண்டு செய்யும் சமன்பாடும் உண்டு. உலகின் அமைப்பையும் காலத்தின் அளவையும் வினைகளின் வகையையும் எண்ணிச் சொல்ல முயன்ற நம் முன்னோர்க்கு எண் வெறும் கடைக்கணக்கு அன்று. ஞானத்தின் ஒரு கூறு. எண்ணறிவாகிய ஒளியால் உலகனைத்தையும் விளங்கச் செய்தவர் என்றே பகவானை நூலின் தொடக்கத்தில் மகாவீராசாரியர் வணங்குகிறார். இசையிலும் கூத்திலும் சமையலிலும் மருத்துவத்திலும் கட்டடக் கலையிலும் யாப்பிலும் கணிதம் வேண்டப்படுவதை எடுத்துரைத்து, அசைவன அசையாதன எவையும் கணிதத்தைவிட்டு நில்லா என முடிக்கிறார்.

நல்ல கணிதனுக்கு வேண்டிய இயல்புகளையும் அவர் கூறியுள்ளார். விரைவு, முன்னும் பின்னும் ஆராய்தல், சோம்பலின்மை, பொருளைப் பற்றிக்கொள்ளுதல், நினைவில் வைத்தல், புதுவழி காணுதல் முதலியன அவை. பிறவியிலேயே வாய்க்க வேண்டிய மூளைத்திறம் என்று ஒன்றை அவர் தனியே வைக்கவில்லை. அவர் சொன்ன அனைத்தும் பழகினால் வருவன. கணக்கு வராது என்று சொல்லும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இதனை எடுத்துச் சொல்ல வேண்டும்.

கணக்கில் அழகும் பக்தியும் கலந்தவர் அவர். ஒரு ஜினாலயத்துக்கு 139 புஷ்பராக மணிகளை வைத்து வழிபட்டால் 109 ஆலயங்களுக்கு எத்தனை மணிகள் வேண்டும் என்று கேட்கிறார். விடை 15151. முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றேயான எண்! கடினமான பெருக்கலைச் செய்து முடித்த மாணவனுக்கு விடையிலேயே ஒரு பரிசை ஒளித்து வைத்த ஆசிரியர் அவர்.

பின்னம் என்னும் படி

பின்னங்களுக்கு அவர் தரும் பெயர் கலாசவர்ணம். கலை என்பது பதினாறில் ஒரு பங்கு. திங்களின் பதினாறு கலைகளை நாம் அறிவோம். தமிழ்க் கணக்கில் இதனையே வீசம் என்றும் மாகாணி என்றும் வழங்கினர். சவர்ணம் என்பது ஒரே இனமாக்குதலை உணர்த்தும். பின்னக் கணக்கின் உயிர்நிலை முழுவதும் இப்பெயரிலேயே அமைந்துள்ளது. ஆறில் ஒன்றையும் எட்டில் ஒன்றையும் அப்படியே கூட்ட இயலாது. இரண்டும் வேறு இனங்கள். இரண்டையும் இருபத்துநான்கின் பங்குகளாக்கினால் நான்கும் மூன்றும் சேர்ந்து 7/24 ஆகும். பகுதிகள் இரண்டையும் பெருக்கி 48 எனக் கொண்டாலும் 14/48 என வந்து முடிவில் அதே விடையே கிட்டும். ஆயின் வேலை மிகும். ஆதலின் பகுதிகளுக்குப் பொதுவான மிகச் சிறிய மடங்கைக் கண்டுகொள்க என்று அவர் வழிகாட்டி, அதற்கு நிருத்தம் என்று பெயரிட்டார். மீச்சிறு பொது மடங்கு என்று இன்று பிள்ளைகள் படிப்பது இதுவே. இந்திய நூல்களுள் இம்முறையை முதன்முதலாக விளக்கிய பெருமை அவருக்கே உரியதாகக் கணித வரலாற்றாசிரியர் கருதுகின்றனர்.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் முந்திரி, காணி, மா, கால், அரை எனப் பின்னங்களை மனப்பாடம் செய்தனர். முந்திரி என்பது 1/320, காணி 1/80, மா 1/20. நெல்லளக்கவும் நிலமளக்கவும் இவை மிக நேர்த்தியானவை. ஆயின் முந்திரி வரையுள்ள இப்பெயர்களைக் கொண்டு மூன்றில் ஒரு பங்கை மிச்சமின்றிச் சொல்ல இயலாது. மகாவீராசாரியர் முறையிலோ எந்த எண்ணும் பகுதியாகலாம். பின்னத்தின் பின்னம், முழு எண்ணொடு கூடிய பின்னம், கழிக்கப்பட்ட பின்னம் என ஆறு வகைகளாக்கி ஒவ்வொன்றுக்கும் வழி சொல்கிறார்.

வகுத்தலுக்கு அவர் கூறும் விதி, வகுக்கும் பின்னத்தின் தொகுதியையும் பகுதியையும் இடம் மாற்றிப் பின் பெருக்குக என்பது. இன்றும் நம் பிள்ளைகள் ஒப்பிக்கும் விதி அதுவே. ஆயின் ஏன் அவ்வாறு செய்கிறோம் என்பதைச் சொல்லாவிடில் அது வெறும் மந்திரமாகிவிடும். மூன்று படி அரிசியை அரைக்கால் படியால் அளந்தால் எத்தனை முறை அளக்கலாம்? ஒரு படிக்கு எட்டு முறை. மூன்று படிக்கு இருபத்துநான்கு முறை. மூன்றை எட்டில் ஒன்றால் வகுப்பதும் எட்டால் பெருக்குவதும் ஒன்றே என்பது அரிசி அளக்கும் வீட்டில் விளங்கிவிடும்.

ஒன்று என்னும் முழுமையைத் தொகுதி ஒன்றாகவுள்ள வெவ்வேறு பின்னங்களாகப் பிரிக்கவும் அவர் ஓர் அழகிய வழி தந்தார். நான்கு பங்கு வேண்டுமெனில் 1, 3, 9, 27 என மும்மடங்காக எழுதிக்கொள்க. முதல் எண்ணை இரண்டாலும், கடைசி எண்ணை மூன்றில் இரண்டாலும் பெருக்குக. 2, 3, 9, 18 என வரும். அரை, மூன்றில் ஒன்று, ஒன்பதில் ஒன்று, பதினெட்டில் ஒன்று ஆகிய நான்கும் கூடினால் சரியாக ஒன்று. 18 மாம்பழங்கள் இருப்பின் 9, 6, 2, 1 எனப் பிரித்துச் சரிபார்க்கலாம்.

அந்த மாங்கனிக் கணக்கு

இப்போது காரைக்கால் வீட்டுக்கு மீள்வோம். ஆசாரியரின் கணக்கு இது. ஒரு குவியல் மாங்கனிகள் இருந்தன. அரசன் ஆறில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டான். மிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கை அரசி எடுத்தாள். அதன்பின் எஞ்சியதில் நான்கில் ஒரு பங்கை மூத்த இளவரசனும், பின்னும் எஞ்சியதில் மூன்றில் ஒரு பங்கை அடுத்தவனும், அதன்பின் எஞ்சியதில் பாதியை மூன்றாமவனும் எடுத்தனர். எல்லாரினும் இளைய குழந்தைக்கு மூன்று கனிகள் மிஞ்சின. குவியலில் இருந்த கனிகள் எத்தனை?

பொழுது சாயுமுன் உணவை முடித்துக்கொண்டு கூடத்தில் அமர்ந்தோம். ஏட்டையும் எழுதுகோலையும் அப்பால் வைத்துவிட்டு மாம்பழக் கூடையை நடுவில் வைத்தோம். சிறுமி நெடுநேரம் பேசவில்லை. பிறகு மூன்று பழங்களை எடுத்துத் தன் முன் வைத்தாள். குழந்தைக்கு மிஞ்சிய மூன்று, கடைசி இளவரசன் எடுத்த பின் எஞ்சிய பாதி; ஆகவே அவனுக்கும் மூன்று என்று இன்னொரு மூன்றை வைத்தாள். இந்த ஆறு, அதற்கு முந்தியவன் மூன்றில் ஒன்றை எடுத்தபின் எஞ்சிய இரண்டு பங்கு. ஆகவே ஒரு பங்கு மூன்று. ஒன்பதாயிற்று. இவ்வாறே பன்னிரண்டு, பதினைந்து, பதினெட்டு எனப் பின்னோக்கி நடந்து குவியலை அடைந்துவிட்டாள். விதி எதையும் அவள் ஒப்பிக்கவில்லை.

அதன்பின் அவள் கண்டதுதான் எம்மை வியக்க வைத்தது. அரசனுக்கும் மூன்று, அரசிக்கும் மூன்று, இளவரசர்க்கும் குழந்தைக்கும் மூன்று! ஆறில் ஒன்று, ஐந்தில் ஒன்று, பாதி என்று பெயர்கள் வேறுபட்டும் கையில் வந்தது ஒன்றே. பாதி என்றால் பெரிது, ஆறில் ஒன்று என்றால் சிறிது என்று அதுவரை எண்ணியிருந்த குழந்தை, எதனுடைய பாதி, எதனுடைய ஆறில் ஒன்று என்று கேட்கக் கற்றுக்கொண்டாள். ஒரு பொருளை எந்நிலையில் நின்று நோக்குகிறோம் என்பதைப் பொறுத்தே கூற்று அமையும் என நம் அநேகாந்தம் கற்பிக்கவில்லையா? பின்னமும் அத்தகையதே. முழுமை இன்னதென்று அறியாமல் பங்கைப் பற்றிப் பேச இயலாது.

மறுநாள் ஆசாரியரின் விதியைச் சொன்னோம். ஒன்றிலிருந்து ஒவ்வொரு பின்னத்தையும் கழித்துவிட்டு, எஞ்சியவற்றை ஒன்றோடொன்று பெருக்குக. 5/6, 4/5, 3/4, 2/3, 1/2 இவற்றைப் பெருக்கினால் மேலும் கீழும் அடிபட்டு 1/6 எஞ்சும். மிஞ்சிய மூன்றை அந்த 1/6-ஆல் வகுத்தால் பதினெட்டு. முதல் நாள் பத்து முறை ஒப்பித்தும் நில்லாத வகுத்தல் விதி, கையால் கண்டபின் உள்ளத்தில் நின்றது. ஊரின் பெயரிலேயே கால் இருக்கும்போது பின்னத்துக்கு அஞ்சலாமா என்று அவளே சிரித்தாள்.

தெரியாத எண்ணைத் தேடுதல்

இவ்வாறு மிச்சத்திலிருந்து முழுமையைத் தேடுவதே இயற்கணிதத்தின் வாயில். தெரியாத எண்ணுக்கு ஓர் எழுத்தை இட்டு இன்று எழுதுகிறோம். ஆசாரியர் காலத்தில் இன்றைய குறியீடுகள் இல்லை. அவர் சுலோகத்திலேயே வழியைச் சொன்னார். குறியீடு வேறாயினும் சிந்தனை ஒன்றே.

அவரது இன்னொரு கணக்கைப் பாருங்கள். நாரத்தை இனத்துப் பழம் ஒன்பதும் விளாம்பழம் ஏழும் சேர்ந்து விலை 107. நாரத்தை ஏழும் விளாம்பழம் ஒன்பதும் சேர்ந்து விலை 101. ஒவ்வொன்றின் விலை என்ன? இரு கொள்முதலையும் கூட்டுக. ஒவ்வொரு வகையிலும் பதினாறு பழம், விலை 208. ஆகவே இரண்டுக்கும் ஒவ்வொன்றாகச் சேர்த்து 13. இனி ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால், இரண்டு நாரத்தைக்கும் இரண்டு விளாம்பழத்துக்கும் உள்ள விலை வேறுபாடு 6, ஒன்றுக்கு 3. கூட்டல் 13, வேறுபாடு 3 எனில் நாரத்தை 8, விளாம்பழம் 5. இரு தெரியாத எண்களைக் கொண்ட ஒருங்கமை சமன்பாடு என்று பெரிய பெயரால் பிள்ளைகளை அச்சுறுத்தும் பாடம் கடைத்தெருவில் இரு பழங்களோடு முடிந்துவிடுகிறது.

அதற்கும் மேலே ஒரு படி உண்டு. ஓர் ஒட்டகக் கூட்டத்தில் நான்கில் ஒரு பங்கு காட்டில் நின்றது; கூட்டத்தின் வர்க்கமூலத்தைப் போல் இருமடங்கு மலைச்சாரலுக்குச் சென்றது; பதினைந்து ஒட்டகங்கள் ஆற்றங்கரையில் தங்கின. விடை 36. ஒன்பதும் பன்னிரண்டும் பதினைந்தும் கூடிச் சரியாவதைக் காண்க. இது இருபடிச் சமன்பாடு. பின்னத்தில் காலூன்றிய மாணவன் இந்த உயரத்தையும் எட்டலாம் என்பதற்காகவே பின்ன இயலை அடுத்து இக்கணக்குகளை அவர் வைத்தார் போலும்.

பெரியோரின் பிழையும் பாடமே

ஆசாரியரின் புகழை மட்டும் பாடி நிறுத்துவது முறையன்று. ஓர் எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தால் அவ்வெண் மாறாமல் நிற்கும் என்று அவர் எழுதினார். அது பிழை. பன்னிரண்டு கனிகளைப் பெறுவார் எவரும் இல்லையெனில் பன்னிரண்டும் அப்படியே இருக்கும் அன்றோ என்று எண்ணத் தோன்றும். ஆயின் வகுத்தலின் விடையை வகுத்த எண்ணால் பெருக்கினால் பழைய எண் மீள வேண்டும். எதனைப் பூஜ்யத்தால் பெருக்கினாலும் பன்னிரண்டு வராது. ஆகவே அவ்வகுத்தலுக்குப் பொருளே இல்லை என்று இன்று கற்பிக்கிறோம். கி.பி. 1150-இல் லீலாவதி இயற்றிய பாஸ்கராசாரியர் இவ்விடத்தில் வேறு வழி தேடினார். அதுவும் முடிந்த முடிபாகவில்லை. பேரறிஞர்களே தடுமாறிய இடம் இது.

அதே நூலில் குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்பதை அவர் தெளிவாகக் கூறினார். எந்த எண்ணை அதனாலேயே பெருக்கினாலும் குறை எண் வாராது என்பதே காரணம். பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியக் கணிதர் புதுவகை எண்களைக் கற்பனை செய்யும்வரை இவ்வுண்மைக்கு அப்பால் எவரும் செல்லவில்லை. ஒரு பக்கத்தில் பிழையும் மறு பக்கத்தில் இத்தகைய நுண்மையும் கொண்ட நூலைக் காணும்போது, தவறு செய்ததற்காக ஒரு குழந்தை விடைத்தாளை மறைக்க வேண்டுவதில்லை என்றே எமக்குத் தோன்றுகிறது.

ஓலையிலிருந்து அச்சுக்கு

நூல் எழுந்தபின் தென்னாட்டில் நெடுங்காலம் அது பயிலப்பட்டது. பதினோராம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் அதனைத் தெலுங்குச் செய்யுளாக்கினார். வல்லபர் என்பார் கன்னடத்தில் உரை வகுத்தார். பின்னர் ஏட்டுச்சுவடிகளாக உறங்கிக் கிடந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் வடமொழிப் பேராசிரியராகவும் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகக் காப்பாளராகவும் விளங்கிய மு. ரங்காசாரியர் அச்சுவடிகளைக் கண்டெடுத்தார். மூடபித்ரி முதலிய இடங்களில் கிடைத்த படிகளோடும் ஒப்பிட்டு, ஆங்கில மொழிபெயர்ப்பும் குறிப்புகளும் சேர்த்து 1912-இல் சென்னை அரசாங்க அச்சகத்தின் வழி வெளியிட்டார். அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக் கணித வரலாற்றறிஞர் டேவிட் யூஜீன் ஸ்மித் அதற்கு முன்னுரை எழுதினார். அதன் பின்னரே உலகம் ஆசாரியரை அறிந்தது. 1963-இல் சோலாப்பூரிலிருந்து லட்சுமிசந்திர ஜைனின் இந்தி மொழிபெயர்ப்பும், 2000-இல் ஹொம்புஜாவிலிருந்து கன்னட மொழிபெயர்ப்பும் வெளிவந்தன.

சமணர் அல்லாத ஒரு பேராசிரியர் ஆண்டுகள் பல உழைத்து, நம் முன்னோர் நூலை நமக்கு மீட்டுத் தந்தார் என்பதை நன்றியுடன் நினைக்க வேண்டும். மூடபித்ரியில் ஓலையைக் காத்துவந்த நம் பெரியோரையும் உடன் நினைக்க வேண்டும். சாஸ்திர தானம் என்பது அச்சிட்ட நூலை வழங்குவது மட்டுமன்று. அதிலுள்ள ஒரு கணக்கை ஒரு குழந்தைக்கு விளங்க வைப்பதும் அத்தானமே.

நாம் செய்யத்தக்கது

அன்பர்களே! நம் இல்லங்களில் பின்னத்துக்குப் பஞ்சமில்லை. அரிசி அளக்கும் படியும், பால் அளக்கும் குவளையும், உடன்பிறந்தாரிடையே பங்கிடும் பழமும் பாடப்புத்தகமே. விதியை ஒப்பிக்கச் செய்யுமுன் பொருளைக் கையில் கொடுங்கள். முழுமை எது என்று கேட்கப் பழக்குங்கள். மிச்சத்திலிருந்து பின்னோக்கி நடக்கக் கற்றுக்கொடுங்கள். அதன்பின் எழுத்தை எண்ணுக்குப் பதிலாக இட்டால் குழந்தை அஞ்சாது. தேடும் பொருளுக்கு ஒரு பெயர் கிடைத்தது என்றே கொள்ளும். கணக்கு வராத பிள்ளை என்ற பட்டத்தை மட்டும், அதிலும் பெண்பிள்ளைகளுக்கு, எவரும் சூட்ட வேண்டா. பன்னிரண்டு வயதில் சூட்டிய அப்பட்டம் ஆயுள் முழுதும் உடன் வரும்.

அச்சிறுமி மறு தேர்வில் முதன்மை பெற்றாள் என்று எழுதிவிட ஆசைதான்; அவ்வாறு நிகழவில்லை. தேர்ச்சி பெற்றாள், அவ்வளவே. ஆயின் விடைத்தாளை மறைக்கவில்லை. இரு கணக்குகள் தவறாயின என்றும், எவ்விடத்தில் தவறின என்பதைத் தானே கண்டுகொண்டதாகவும் எமக்குத் தொலைபேசியில் சொன்னாள். பதினோராம் வகுப்பைப் பற்றிய பேச்சை அவள் தந்தையார் பின்னர் எடுக்கவில்லை. அடைபட்டிருந்த கதவு ஒன்று சற்றே திறந்திருக்கிறது. 1,100 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஆசாரியர் ஒருவர் அளித்த 18 மாங்கனிகள் அதனைச் செய்தன.

எண்ணறிவால் உலகை விளக்கிய பகவானின் திருவடிகளை வணங்கி, அவ்வழி நின்ற மகாவீராசாரியரை நன்றியுடன் நினைவுகூர்வோம். அறவாழி அந்தணன் அறம் வாழ்க!